தென்மேற்கு மூலைக் கயிறு

கயிற்றை அறுத்தவன் போரோதான். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கத்தி அவனுடையது, கை அவனுடையது, பார்த்த ஒரே சாட்சியும் அவனே.

அது ஏப்ரல் மாதம். அவனுடைய காளைக்கன்று அடுத்தவர் பூண்டு வயலில் புகுந்து வயிறு முட்ட மேய்ந்துவிட்டு, ஊருக்கே தெரியும்படி வாய் நாற வீடு திரும்பியிருந்தது. கட்டிப்போடக் கயிறு தேடினான். மதினி வீட்டுப் பரணில் கூரைவலை சுருட்டி வைத்திருந்தது. புயல் வரும்போது மட்டும் கீழே இறக்கி, புல்கூரைமேல் போர்த்தி, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் பன்னிரண்டு கல்காதுகளில் இழுத்துக் கட்டுகிற வலை அது. அதன் ஒரு தலைப்பில் இரண்டு பாகம், கையை விரித்து இரண்டு தடவை அளக்கிற நீளம், மட்டும் அறுத்துக்கொண்டான். மழைக்காலத்துக்குள் புதிதாகத் திரித்துச் சேர்த்துவிடலாம் என்பது திட்டம். போரோவின் திட்டங்களில் எப்போதும் குறை சொல்ல முடியாது. அவற்றைச் செய்துமுடிக்க வாய்த்த ஆள்தான் சரியில்லை.

பிறகு அராயு மீன் ஓடுகிற பருவம் வந்தது. மகள் அவெலினாவுக்கு மாதம் ஏறியது. கன்று அந்த இரண்டு பாகத்தையும் மென்று தீர்த்தது. செப்டம்பர் வந்தது. ஒரு நாள் விடியும்போது ரேடியோ அவர்களுடைய சப்தாங் தீவின் பெயரைச் சொல்லி, மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை என்றது.

அந்தத் தெருவில் கல்வீடு என்று நிமிர்ந்து சொல்லக்கூடியது போரோவின் காலஞ்சென்ற அண்ணன் வீடுதான். இப்போது மதினி பசிலியாவின் வீடு. ஒரு கை நீளத் தடிமனுக்குச் சுண்ணாம்பும் கல்லும் சேர்ந்த சுவர். வடக்குச் சுவரில் எறும்பு நுழையக்கூட வழி கிடையாது. மற்ற மூன்று பக்கமும் கதவும் சன்னலும் உண்டு. தகரக் கூரைக்காரர்கள் புயலென்றால் பாயும் வள்ளிக்கிழங்குமாக இங்கேதான் வருவார்கள். போரோவும் தகரக் கூரைக்காரன்தான். தகரம் மலிவு, வேலை குறைவு என்று ஊருக்கே உபதேசம் செய்தவன்.

அந்த வீட்டுக்குக் கூரை வேய்ந்த பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு காது. அந்தந்தக் குடும்பத்துக் கைதான் அந்தந்தக் காதில் முடிச்சுப் போடவேண்டும். அப்பா காலத்திலிருந்து தென்மேற்கு மூலைக் காது போரோவின் பங்கு. காலை ஏழு மணிக்கு, மழையின் முதல் சாரலில், மூலைக்குப் போய்த் தலைப்பை இழுத்தான். இரண்டு பாகம் குறைந்தது. அறுத்தவனே ஆச்சரியப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஆச்சரியப்பட்டான்.

பக்கத்துக் காதில் கட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டிருந்தால் கயிறு கிடைத்திருக்கும். ஆனால் அந்த ஊரில் புயல் காலையில் கயிறு கேட்பது, கல்யாணப் பந்தலில் வந்து தாலி கடன் கேட்பது மாதிரி. இருபது வருஷத்துக்கு முன்னால் எர்மோ என்று ஒருவர் கேட்டுவிட்டார். அவர் செத்து மண்ணாகிவிட்டார். அவர் பேரனை இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் ‘கயிறில்லாதவன் பேரன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவெலினா பெற்ற பிள்ளைக்கு ஒன்பது நாள் வயது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அதற்குள் ஒரு பட்டப்பெயரா?

முற்றத்தில் மதினியின் துணிக்கொடி ஆடிக்கொண்டிருந்தது. நீல நைலான். அதை அவிழ்த்து, தலைப்போடு முடிச்சுப் போட்டு, காதில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினான். பார்வைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. ஒருவன் போட்ட முடிச்சை இன்னொருவன் போய்த் தொட்டுப் பார்ப்பது, அடுத்த வீட்டு உலையில் கைவிட்டு உப்புப் பார்ப்பதற்குச் சமம். அதனால் யாரும் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்குள் பதினேழு பேர் உள்ளே வந்து சேர்ந்தார்கள். பசிலியா வாசலில் நின்று இடம் பிரித்தாள். இப்படிப்பட்ட நாளில் அந்த வீட்டில் அவள் சொன்ன இடத்தில்தான் உட்காரவேண்டும். சன்னலில்லாத வடக்குக் குருட்டுச் சுவரை ஒட்டி ஆண்கள். நடுவில் பிள்ளைகளும் மூட்டைகளும். காற்றுக்கு எட்டாத தூரத்தில், எதிர்மூலையில், பிள்ளை பெற்றவள். காற்று முதலில் வடக்கிலிருந்துதான் வரும். ஆகையால் எல்லாவற்றிலும் அமைதியான இடம் தென்மேற்கு மூலை. அவெலினா பாயை விரித்துக் குழந்தையோடு சாய்ந்தாள். போரோ அண்ணாந்து பார்த்தான். மகளின் தலைக்கு நேர் மேலே கூரையின் ஓரம். அதற்கு வெளியே, ஒரு கை தூரத்தில், நீல நைலான்.

கண்ணைத் தாழ்த்தி மகளைப் பார்த்தான், மறுபடி மேலே பார்த்தான்.

காற்று வந்தபோது காற்றாக வரவில்லை. யாரோ வடக்குச் சுவர்மேல் மலையைச் சாய்த்ததுபோல வந்தது. சுவர் அசையவில்லை. ஆனால் சுவரில் முதுகைச் சாய்த்திருந்தவர்களின் பற்கள் அசைந்தன. கூரை மேலே போய்க் கீழே வந்தது, தூங்குகிறவன் நெஞ்சைப் போல. ஒவ்வொரு மூச்சுக்கும் புல்லின் தூசி பொலபொலவென்று உதிர்ந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டது. பலகைத் தரைக்குக் கீழே, ஆடுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்கிற சத்தம்.

மற்றவர்களுக்கும் பயம்தான், ஆனால் அது பழகிய பயம். சமாளிக்கத் தெரிந்த பயம். செபமாலை உருட்டினார்கள், கிழங்கு தின்றார்கள், சீட்டாடினார்கள். போரோவின் பயத்துக்கு மட்டும் விலாசம் இருந்தது. எந்த இடத்தில், எந்த முடிச்சில், யார் தலைமேல் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். புயலுக்கு அடுத்தபடியாக அந்த விவரம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

முதலில் மகளை நகர்த்தப் பார்த்தான். தவழ்ந்து போய், அந்த மூலையில் எலி இருக்கிறது என்றான். அவெலினா கண்ணைத் திறக்காமலே, “எலிக்குப் புத்தி இருக்குப்பா. அதான் நல்ல எடமாப் பாத்து வந்திருக்கு,” என்றாள். ஒழுகுகிறது என்று சொல்லிப் பார்த்தான். அவள் கையை நீட்டிக் காட்டினாள், உலர்ந்த கை. கடைசியில், தனக்கு முதுகுவலி, இந்த இடத்தைக் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டான். ஒன்பது நாள் பிள்ளைக்காரியிடம் இடம் கேட்கிற அப்பனை நடுவில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தவழ்ந்தபடியே திரும்பினான்.

பிறகு கண்டிடோவிடம் போனான். கடலிலும் கூரையிலும் கயிறு தெரிந்தவர் என்று ஊர் ஒத்துக்கொண்ட ஆள். சீட்டைக் கையில் விசிறிபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். பன்னெண்டு காதுல ஒண்ணு மட்டும் அவுந்துருச்சுன்னு வைங்க. கூரை தாங்குமா?”

“பன்னெண்டுல ஒண்ணு போனா மிச்சம் எத்தன?”

“பதினொண்ணு.”

“கணக்குத் தெரியுதுல்ல. பொறவு எதுக்கு என் ஆட்டத்தக் கெடுக்குற?”

இன்னொருவனிடம் கேட்டான், அதைக் கடவுளிடம் கேள் என்றான் அவன். பசிலியாவிடம் கேட்டான். கூரை வேய்ந்து பதினொரு வருஷம் ஆகிறது, இதுவரை யாரும் கேட்காத கேள்வி, கொழுந்தனார் இன்றைக்கு ஏன் கேட்கிறார் என்று அவள் பதிலுக்குக் கேட்டாள். போரோவின் வாயில் பதில் வந்து நின்றது. வெளியே வரவில்லை. அந்த வாய் ஐம்பத்திரண்டு வருஷமாக ஒரு நாளும் அடைத்துக்கொண்டதில்லை. அவசரத்துக்கு அடைத்துக்கொண்டது.

பத்தரை மணி வாக்கில் மேலே ஏதோ ‘கிறீச்’ என்றது. நாணல் வரிச்சாக இருக்கலாம். நைலானாகவும் இருக்கலாம். குழந்தை விழித்து அழுதது. போரோ எழுந்து நின்றுவிட்டான்.

“எல்லாரும் கேளுங்க. நம்ம மூலைக் கயிறு ரெண்டு பாகம் கொறையுது. நான்தான் அறுத்தேன், கன்னுக்குட்டிக்கு. மிச்சத்துக்குத் துணிக்கொடியச் சேத்துக் கட்டியிருக்கேன்.”

பிறகு வீடே சிரித்தது. கண்டிடோ சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

“கொடிய மட்டும் ஏன்டா? ஒன் ஜட்டியையும் சேத்துக் கட்டியிருந்தா காத்து பயந்து தைவான் பக்கம் போயிருக்குமே.”

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதிரியார் வருகிறார் என்று பொய் சொல்லி, ஒரு ஞாயிறு முழுக்க ஊரைத் துறையில் காத்திருக்க வைத்தவன் இவன். தன் மாட்டுக்கே காது கேட்காது என்று சந்தைக்காரனை நம்ப வைத்தவன். வாழ்நாளில் அவன் சொன்ன எதற்கும் இவர்கள் இப்படிச் சிரித்ததில்லை. இத்தனைக்கும் அவன் சொன்னதிலேயே கலப்படமில்லாத உண்மை அதுதான். நெசமாத்தான் சொல்றேன் என்றான். இன்னும் சிரித்தார்கள். அழுகை வந்தது, அதையும் நடிப்பு என்று மெச்சினார்கள். உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூரை ஒவ்வொரு முறை எழும்போதும் அவனுடைய குதிகாலும் தரையிலிருந்து எழுந்தது. அது இறங்கும்வரை மூச்சுவிடவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. கண்ணிமைத்தால் போய்விடும் என்று ஒரு பயம். கண் எரிந்து நீர் வடிந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் எல்லாம் நின்றது.

காது அடைத்து, ‘டப்’ என்று திறந்தது. கதவிடுக்கில் வெயில் நுழைந்தது. கோழி ஒன்று, நடந்தது எதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல முற்றத்தில் கொக்கரித்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. இது புயலின் நடுத்தொப்புள். இதற்கு மறுபக்கம் உண்டு. வடக்கிலிருந்து வந்தது இனித் தெற்கிலிருந்து வரும், குருட்டுச் சுவரை விட்டுவிட்டுக் கதவும் சன்னலும் உள்ள முகத்தில் அறையும். முதலில் தென்மேற்கு மூலையின் கீழே விரலைவிட்டு நெம்பும். ஆண்கள் எழுந்து தெற்குச் சன்னல்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்கத் தொடங்கினார்கள்.

பசிலியா போரோவின் முன்னால் வந்து நின்றாள். தலையிலிருந்து இடுப்புவரை தொங்கும் நார்முக்காட்டை மாட்டியிருந்தாள், மழைக்கு வெளியே போகிறவள்போல.

“காலையிலேர்ந்து பாக்குறேன். ஊரே சிரிச்சுது, நீ ஒரு தடவகூடச் சிரிக்கல. வா. காட்டு.”

இருவரும் வெளியே போனார்கள். வானத்தில் வட்டமாக ஒரு நீலக் கிணறு. அதன் சுவர் வெள்ளையாக, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தெற்குப் பக்கத்து மேகச்சுவர் மலைக்கு அந்தப் பக்கம் வரை வந்துவிட்டது. பெயர் தெரியாத கடல்பறவைகள், பறக்கத் தெம்பில்லாமல், முற்றத்தில் பிச்சைக்காரர்களைப் போல உட்கார்ந்திருந்தன. காலை வைத்தாலும் நகரவில்லை.

நைலான் நூலாகியிருந்தது. இழுத்து இழுத்து மெலிந்து, கல்காதின் விளிம்பில் உரசி, பாதி பஞ்சாகி நின்றது. பசிலியா அதை விரலால் தொட்டாள். வீணைக் கம்பிபோல அதிர்ந்தது. அது தன் கொடி என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பதினைந்து வருஷம் அதில் துணி காயப்போட்டவள். ஒரு வார்த்தை வைதிருந்தால் போரோவுக்குப் பாதி உயிர் திரும்பியிருக்கும்.

கண்டிடோவைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிப்போனது. புதுக்கயிறு சேர்த்துவிடலாமே என்று போரோ குழறினான். படகு கட்டிய கயிறு இருக்கிறதே என்றான். வலை முழுக்க ஒரே இழுப்பில் நிற்கிறது, ஒரு மூலையைத் தளர்த்தினால் பன்னிரண்டையும் தளர்த்தி முதலிலிருந்து கட்டவேண்டும், அதற்கு ஊரின் பன்னிரண்டு கையும் வேண்டும் என்று கண்டிடோ தரையைப் பார்த்துச் சொன்னார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று போரோ கேட்டான். இருக்கும் என்றார் அவர். எவ்வளவு? அது காற்றுக்குத்தான் தெரியும். தாங்குமா? அவர் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பசிலியா யாரையும் கேட்கவில்லை. உள்ளே போய், பாயைச் சுருட்டச் சொன்னாள்.

முற்றத்துக்குக் கிழக்கே எட்டே எட்டு அடியில் சமையல்வீடு. பெரிய வீட்டில் பாதியின் பாதி. உயரமும் அப்படித்தான், நெட்டையானவன் நிமிர்ந்தால் உத்திரத்தில் மண்டை இடிக்கும். அதன் கூரைக்கு நாலே காது. அந்த நாலையும் காலையில் அவளே கட்டியிருந்தாள். சமையல்வீட்டுக்குப் பங்குக்காரர்கள் கிடையாது.

பதினேழு பேரும் எட்டு அடியைக் கடந்தார்கள். போரோ குழந்தையை வாங்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நடந்தான். இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சூடாக ஒன்றை அவன் நெஞ்சோடு வைத்ததில்லை. நாலாவது அடியில் தெற்கே மலை முனகத் தொடங்கியது. மற்றவர்கள் ஓடினார்கள். அவன் ஓடினால் தடுக்கி விழுவான் என்று அவனுக்கே தெரியும். தன்னைப்பற்றி அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான். நடந்தே போனான்.

பசிலியா கடைசியாக வந்தாள். வருவதற்கு முன்னால் பெரிய வீட்டுக் கதவைச் சாத்தி, குறுக்குக்கட்டை போட்டு, வழக்கம்போல ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

சமையல்வீட்டில் இடம் பிரிக்க இடமே இல்லை. பிள்ளைகள் விறகடுக்கின் மேல். பெண்கள் கிழங்குக் குவியலின் மேல். அவெலினா அணைந்த அடுப்போரம், சாம்பலுக்குப் பக்கத்தில். ஆண்கள் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்கள். உத்திரத்தில் பூண்டுக் கொத்துகள் தொங்கி எல்லார் நெற்றியிலும் முட்டின. ஒருவர் மூச்சை இன்னொருவர் விடவேண்டியிருந்தது. போரோவை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அந்த இடத்தில் மிகவும் சிரமப்பட வேண்டும், அவ்வளவு சிரமப்பட்டார்கள்.

தெற்குக் காற்று வந்தது. முதல் காற்று இதற்குத் தம்பி. கதவு ஆண்களின் முதுகில் குதித்தது. அவர்கள் கால்கள் தரையில் வழுக்கி மறுபடி ஊன்றின. விளக்கு அணைந்தது. பட்டப்பகல், ஆனால் அடுத்தவர் முகம் தெரியவில்லை. புகைக்கரி உதிர்ந்து வாய்க்குள் விழுந்தது. போரோ கதவோடு ஒட்டி நின்று, கதவுக்கு அந்தப் பக்கம், எட்டு அடிக்கு அந்தப் பக்கம், காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். தாங்கிவிடக்கூடும். பஞ்சான நைலான்கூடச் சில சமயம் தாங்கும். தாங்கிவிட்டால் நாளைக்கு இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், ஆயுசு முழுக்கக் கயிறில்லாதவன் என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும், தாங்கட்டும்.

முதலில் ஒரு சொடக்கு. விரலைச் சொடுக்கியதுபோல, அவ்வளவுதான்; அந்த இரைச்சலில் அது எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. பிறகு அடுத்தடுத்து வரிசையாக, யாரோ பெரிய துணியைத் தையல் தையலாகப் பிரிப்பதுபோல. பிறகு ஒரு பெருமூச்சு. ஆயிரம் மாடுகள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றதுபோல அந்தப் பக்கம் ஏதோ எழுந்தது, அவர்களுக்கு மேலே போகவில்லை, வடக்கே பூண்டு வயல் பக்கம் போனது, போய் விழவும் இல்லை. அதற்குப் பின் அங்கிருந்து வந்த காற்றின் குரலே வேறாக இருந்தது. திறந்த பானையின் வாயில் ஊதுகிற குரல்.

“என்ன சத்தம் அது?” என்றான் போரோ.

ஆண்கள் முதுகை இன்னும் இறுக்கிக் கதவில் கொடுத்தார்கள்.

“கண்டிடோ அண்ணே. என்ன அது?”

பக்கத்து வீட்டுத் தகரமாக இருக்கும் என்றார் கண்டிடோ. குரல் அவருடையதாக இல்லை. மரமாக இருக்கலாம் என்றது இன்னொரு குரல். அவெலினா, அப்பா பேசாம இருங்கப்பா என்றாள். அவளைத்தான் அவன் இருட்டில் தேடினான்; அவள் மடியில் சாம்பல் வாசனையோடு குழந்தை மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று. கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு கிழங்குக் குவியல் இருக்கும் திசையில் திரும்பினான். வேடிக்கையாக ஏதாவது சொல்லிவிடமாட்டார்களா என்று இதற்கு முன் அவன் யாரையும் எதிர்பார்த்ததே இல்லை, எப்போதும் அது அவன் வேலை.

“மதினி. அது என் மூலையா?”

இருட்டில் நாரின் சரசரப்பு. அவள் தலையிலிருந்ததைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“ஆமா போரோ,” என்றாள் பசிலியா. “ஒன் மூலதான்.”